காலி எடை பாக்காம லோடு எடை இல்ல தாயி

அன்புள்ள செல்விக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உங்கம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவல. ஞாயித்துக்கிழம போன்ல, நீங்க அங்க அளக்குற கிரீன்லாந்து ஐஸ் கூடுதா குறையுதான்னு கேட்டேன், நீ “ரெண்டும்தாம்பா, அது பெரிய கத”ன்னு சொல்லி முடிக்கவும் சிக்னல் போயிருச்சு. நாலு நாளா மனசுல அதே நினப்பு. அப்புறம் நீ அனுப்புன வீடியோவ எல்லாம் உக்காந்து பாத்தேன். பாக்கப் பாக்க, இது 31 வருஷம் உப்பளத்து வேபிரிட்ஜ்ல, அந்த லாரி எடபோடுற மேடைல, நான் பாத்த வேலதானேன்னு தோணுச்சு.

லேசர் வச்சு உயரம் பாக்குற சேட்டிலைட்டு, ஐஸ்சாட்-2, 2018ல விட்டது, செகண்டுக்கு 10,000 தடவ ஒளிய அனுப்பி ஐஸோட மேல்மட்டத்த அளக்குதுன்னு சொல்றாங்க. ஆனா உயரத்த மட்டும் வச்சு எட சொல்ல முடியாதுல்ல தாயி, கல்லுப்பு அம்பாரமும் பொடியுப்பு அம்பாரமும் ஒரே உயரம் நின்னாலும் எட ஒண்ணா வராது. இறுகுன ஐஸ் கன மீட்டருக்கு 917 கிலோ, நேத்து பெய்ஞ்ச பனி 100 கிலோகூட இருக்கலாமாம். பனி தானா அமுங்குனாலும் உயரம் இறங்கத்தான் செய்யும், அதுக்காக ஐஸ் போயிருச்சுன்னு எழுதிட முடியுமா.

நிஜமான வேபிரிட்ஜ்னா கிரேஸ்தான். 2002ல விட்ட ரெண்டு சேட்டிலைட்டு, 220 கிலோமீட்டர் இடைவெளில ஒண்ணு பின்னால ஒண்ணு போயிட்டிருந்துச்சு, கீழ ஐஸ் கனமா இருந்தா முன்னால போறத மொதல்ல இழுக்குது, இடைவெளி கூடுது, பின்னாடி வர்றது அந்த இடத்துக்கு வந்ததும் குறையுது. தலமுடி கனத்தவிட கம்மியான வித்தியாசத்தயும் அது அளந்துருமாம். அத வச்சு ஒரு கண்டத்தயே எட போடுறாங்கன்னு கேட்டதும் எனக்கு புல்லரிச்சுப் போச்சு. 2017ல அது முடிஞ்சு அடுத்த ஜோடி 2018 மேல போற வரைக்கும் நடுவுல சில மாசம் கணக்கே இல்லன்னு கேட்டப்ப, மேட ரிப்பேர்ல கெடந்தா வாசல்ல லாரி வரிசையா நிக்குமே, அந்த தவிப்புதான் வந்துச்சு.

ஆனா என்ன பிடிச்சு உலுக்குனது காலி எடைதான். ஐஸ் யுகம் முடிஞ்சு பாரம் எறங்குன பூமி இன்னும் மெதுவா மேல வந்துட்டு இருக்காம், சேட்டிலைட்டு அந்தப் பாறையயும் ஐஸ் கூடுனதாத்தான் எடுத்துக்குமாம், அதனால அதக் கழிச்சாத்தான் உண்மையான எட வரும். வண்டியோட காலி எடையே மாறிக்கிட்டு இருந்தா எடபோடுறவன் என்ன பாடுபடுவான்னு எனக்குத் தெரியும். பாறை மேல ஜிபிஎஸ் நட்டு அது எவ்வளவு ஏறுதுன்னு பாக்குறீங்கன்னு நீ சொன்னது அப்ப புரியல, இப்பதான் புரியுது.

1992லருந்து 2020 வரைக்கும் ரெண்டு துருவத்துலயும் சேத்து 7,56,000 கோடி டன் ஐஸ் போயிருக்காம். 36,000 கோடி டன்னுக்கு கடல் 1 மில்லிமீட்டர் ஏறும்னா, வகுத்துப் பாத்தேன், 21 மில்லிமீட்டர் சரியா வந்துச்சு. தெருமுனைல ஒருத்தர் “அண்டார்டிகால ஐஸ் கூடிருச்சாமே”ன்னு வாதம் பண்ணுனார். 2021லருந்து 2023 வரைக்கும் அங்க பனி நிறைய பெய்ஞ்சதுல வரவு இருந்தது நிஜம்தான், நல்ல மழ பெய்ஞ்ச வருஷத்த வச்சு கம்மா நெறஞ்சே கெடக்கும்னு சொல்லலாமான்னு கேட்டேன். அங்கயே பைன் ஐலண்டு, த்வைட்ஸ்ங்கிற பனியாறு பக்கம் ஐஸ் கடலுக்குள்ள போறது நிக்கவே இல்லல்ல. வரவும் எழுதணும், செலவும் எழுதணும்.

கிரீன்லாந்து ஐஸ் கரைஞ்சா அதோட இழுப்பு குறைஞ்சு அங்கத்து கரையில கடல் எறங்கி, தூரத்துல நம்ம தூத்துக்குடி பக்கம்தான் கூட ஏறுமாம். அளத்துப் பாத்தியெல்லாம் கடல் மட்டத்துலதான் கெடக்கு, அத நெனச்சா உறக்கம் வரமாட்டேங்குது.

இன்னொண்ணு. கொன்ராட் ஸ்டெஃபன்னு ஒரு பெரியவர், 1990ல கிரீன்லாந்துல சுவிஸ் கேம்ப்னு ஆராய்ச்சி முகாம் போட்டவர், முப்பது வருஷம் அந்த ஐஸ்லயே நடந்தவர், 2020 ஆகஸ்ட்ல அந்த கேம்ப் பக்கத்துலயே ஐஸ் பிளவுல விழுந்து செத்துப் போயிட்டார்னு படிச்சேன். உங்கம்மாகிட்ட சொல்லல. நீ கயிறு கட்டாம ஒரு அடி வைக்கக் கூடாது, தெரிஞ்ச வழியா இருந்தாலும்.

நீங்க ஐஸ்ல ஊணுன கம்பு இப்ப 2 மீட்டர் வெளிய தெரியுதுன்னு சொன்ன. ஊணும்போது எவ்வளவு வெளிய இருந்துச்சு, எந்த தேதி? அத எழுது, நான் நோட்டுல குறிச்சு வைக்கணும்.

அப்பா