இரண்டு வாசல் வீடு

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். புது வீட்டைப் பற்றிக் கேட்டதும், "சாராயக்கடையிலா குடியிருக்கிறாய்?" என்று அம்மா போனில் அழுதுவிட்டாள். கொத்தனார் நீங்கள், உங்களுக்கு எழுதினால் வீடு புரியும், அவளுக்கும் எடுத்துச் சொல்வீர்கள்.

தெருமுனைக் கட்டடம், விக்டோரியா ராணி காலத்தது. முன்பு 'பப்' என்கிற மதுக்கடையாக இருந்தது, இப்போது வீடு. 'பப்' என்பதன் முழுப்பெயரே பப்ளிக் ஹவுஸ். அன்றைக்கும் கீழே கடை, மாடியில் கடைக்காரர் குடும்பம். 1830-இல் வந்த ஒரு சட்டப்படி, வரி கட்டுகிறவர் எவரும் இரண்டு கினி (அந்தக்கால ஆங்கிலப் பணம்) செலுத்தித் தன் வீட்டிலேயே பியர் விற்கலாம் என்று ஆனதாம்.

சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். ஒரு கல் நீளவாட்டில், அடுத்தது குறுக்குவாட்டில் என்று வரிதோறும் மாறி மாறி வைத்திருக்கிறார்கள். பார்த்தால் விடமாட்டீர்கள். வெளியே இடுப்புயரத்துக்குப் பளபளக்கும் பச்சை ஓடு, தெருச்சேற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ. ஆத்தங்குடிக் கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவோமே, இது சூளையில் சுட்டது. அடியில் நிலவறை. நடைபாதையிலேயே அதற்குப் பலகைக் கதவு. பீப்பாய்களைச் சறுக்கி இறக்குவார்கள். கோடையிலும் கீழே குளிர்தான். இப்போது உருளைக்கிழங்கு மூட்டை இருக்கிறது.

வாசல் இரண்டு. கண்ணாடியில் செதுக்கிய எழுத்து இன்னும் அழியவில்லை: ஒன்றில் 'பப்ளிக் பார்', மற்றதில் 'சலூன் பார்'. கூலிக்காரர்களுக்கு வெறும் பலகைத் தரை. வசதியானவர்களுக்குக் கம்பளம், மெத்தை இருக்கை, அதே பியருக்குச் சற்றுக் கூடுதல் விலை. நடுவில் மரத் தடுப்பு. நம் ஊர் டீக்கடையில் உங்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்ததைச் சொல்வீர்களே அப்பா. அது சாதி, இது காசு; இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்தக் கதவைத் தள்ளும்போதெல்லாம் உங்கள் நினைவுதான்.

தடுப்பை எப்போதோ எடுத்துவிட்டார்கள். உள்ளே புகைக்க 2007-இல் தடை வந்தது. அதுவரை படிந்த புகையில் கூரை மஞ்சளாகக் கிடக்க, தடுப்பு நின்ற இடம் மட்டும் வெளிறிய கோடாகத் தெரிகிறது. அதன் கீழேதான் சாப்பாட்டு மேசை போட்டிருக்கிறோம்.

கூரைப் பூச்சில் நூல் விரிசல் ஓடுகிறது. சிமென்ட் பூசச் சொல்கிறார்கள், எனக்கு மனமில்லை. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மணல் எத்தனை பங்கு, எத்தனை நாள் புளிக்கவிட வேண்டும் என்று எழுதுங்கள். கோட்டின்மேல் பூசப் போவதில்லை.

அம்மாவிடம் பூஜை மாடம் கிழக்கு பார்த்து இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்