கருப்பு கிச்சாப் கிடைத்துவிட்டது

அன்புள்ள பினாங்குக்காரா,

பசியாறினாயா? இங்கே இரவு பதினொன்று, அங்கே விடியப்போகிறது. எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன், திட்டுவதைக் கடைசியில் மொத்தமாகத் திட்டு. வேலை பரவாயில்லை. குளிர் இன்னும் பழகவில்லை. சைக்கிளில் இரண்டு தடவை விழுந்தேன், எலும்புக்கு ஒன்றுமில்லை. செய்தி அவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கருப்பு கிச்சாப் கிடைத்துவிட்டது. நம் கெட்டிக் கருப்பு சோயா சாஸ்தான்.

சிரிக்காதே. ஒன்றுமே கிடைக்காத ஊரில் தேடியிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. இது ஹாலந்துடா. இந்தோனேசியாவை ஆண்டுவிட்டு வந்தவர்கள், இங்கே சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே கிச்சாப் வரிசையாக நிற்கிறது. கடலில் நின்றுகொண்டு குடிதண்ணீருக்கு அலைந்த கதை என்னுடையது. வந்த முதல் வாரமே ‘கெச்சாப் மானிஸ்’ என்று எழுதியிருந்த பாட்டிலைப் பார்த்ததும், அட நம் ஊர் சாமான் என்று வாங்கி வந்து, பழக்கதோஷத்தில் மீ நூடுல்ஸில் தாராளமாக ஊற்றிவிட்டேன். மீ பாயசமாகிவிட்டது. அது பனைவெல்லம் போட்டுப் பாகு மாதிரி காய்ச்சியது, அவர்கள் சாத்தேக்கும் வறுத்த சோற்றுக்கும் அருமையாக இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் ஹொக்கியான் மீக்கு அது ஆகுமா?

பக்கத்திலேயே இன்னும் இரண்டு இருந்தன. ‘அசின்’ என்றால் உப்பு, அது நமக்கும் தெரியும். ‘மெட்ஜா’ என்று ஒன்று, இனிப்பும் இல்லாமல் உப்பும் இல்லாமல் நடுவில் நிற்கிறது, நம் கூட்டாளி மூக்கன் சண்டையில் நிற்பானே அப்படி. இன்னொரு வேடிக்கை பார். இந்தோனேசியாக்காரர்கள் 1972இல் எழுத்துமுறையையே மாற்றி ‘கெச்சாப்’ என்ற வார்த்தையை வேறு மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இவர்கள் மட்டும் இன்னமும் பழைய எழுத்திலேயே பாட்டிலில் அச்சடிக்கிறார்கள். நாம் கிச்சாப் என்கிறோம், வெள்ளைக்காரன் அதே சொல்லைக் கொண்டுபோய்த் தக்காளிக்கு வைத்துவிட்டான்.

எனக்கு வேண்டியது நம் கோலாலம்பூர்க் கருப்பு. பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் கரி அடுப்பில் கிண்டுவார்களே, மீ தார் மாதிரி பளபளக்குமே, அது. நீ முதல் தடவை வந்து உட்கார்ந்து, எங்கள் ஊரில் ஹொக்கியான் மீ என்றால் இறால் சூப்பு, இதென்ன என்ஜின் ஆயில் என்று அந்த அங்கிளிடம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? அப்புறம் இரண்டு தட்டு தின்றாய். நான் மறக்கவில்லை.

கடைகளில் போய்க் கேட்பதுதான் பெரிய கூத்து. கருப்பு கிச்சாப் இருக்கிறதா என்று கேட்டேன், எல்லாமே கருப்புதானே என்றார் ஒருவர். நியாயம்தான். கெட்டியாக, நிறத்துக்காக ஊற்றுவது, அவ்வளவாக உப்புக் கரிக்காது, கொஞ்சம் தீய்ந்த சர்க்கரைக் கசப்பு என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினால், சீனக் காளான் கிச்சாப்பை எடுத்து நீட்டினார்கள். நல்ல நிறம், ஆனால் தண்ணீர். ஆறு மாதத்தில் என் அலமாரியில் ஒன்பது பாட்டில் சேர்ந்துவிட்டது, வீட்டுக்கு வந்தவர்கள் நான் கடை வைக்கப்போகிறேன் என்று நினைக்கிறார்கள்.

கடைசியில் வழி காட்டியது கீழ் வீட்டு ஒமா. ஒமா என்றால் இங்கே பாட்டி. இந்தோனேசியாவில் பண்டுங்கில் பிறந்தவர், ஐம்பதுகளில் சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்து இறங்கியவர். அப்படி லட்சக்கணக்கில் வந்தார்களாம், அதில் நிறையப் பேர் இந்த தி ஹேக்கிலேயே தங்கிவிட்டார்கள். என் ஒன்பது பாட்டிலையும் பார்த்துவிட்டு, முதலில் இங்கே விற்கும் ‘ஸ்ட்ரோப்’ என்ற கருப்புப் பாகை சீனக் கிச்சாப்பில் கலக்கச் சொன்னார். கலந்தேன். முக்கால் தூரம் வந்தது. அப்புறம் சூப்பர்மார்க்கெட்டை விட்டுவிட்டு டோக்கோவுக்குப் போ, அதிலும் கீழ்த் தட்டைப் பார், நிறைய விற்காததையெல்லாம் கீழேதான் வைப்பார்கள் என்றார். டோக்கோ என்றால் இவர்களுக்கு ஆசியச் சாமான் கடை, மலாய்ச் சொல் அப்படியே டச்சுக்காரன் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மூன்றாவது டோக்கோ. முழங்கால் போட்டுத் தேடினேன். மீன் சாஸுக்குப் பின்னால் தூசி படிந்து ஒரே ஒரு பாட்டில், ‘கிச்சாப் பெக்காட்’, கீழே பொடி எழுத்தில் ‘புவாத்தான் மலேசியா’. கவிழ்த்துப் பார்த்தேன், உள்ளே காற்றுக்குமிழ் மேலே ஏற யோசித்துக்கொண்டே ஏறியது. அதுதான்டா அது! நாலரை யூரோ, நம் காசில் இருபது வெள்ளிக்கு மேல். கணக்குப் பார்க்காமல் கொடுத்தேன், தெருவுக்கு வந்த பிறகு கணக்குப் பார்த்தேன்.

அன்று இரவே செய்தேன். கசாப்புக் கடையில் பன்றிக் கொழுப்பு கேட்டு வாங்கி உருக்கி, அந்த மொறுமொறு துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தேன். தடித்த மஞ்சள் மீ கிடைக்காததால் உடோன் என்ற ஜப்பான் மீ. கருவாட்டுத்தூள் இல்லை. கரி அடுப்புக்கு எங்கே போவது, மின் அடுப்பில் தட்டையான குவாலிச் சட்டி. நிறம் அப்படியே வந்தது. கரிப் புகை வாசம் மட்டும் மீயில் ஏறவில்லை, புகையெல்லாம் வீட்டில் ஏறி அலாரம் அடித்து, ஒமா இரவு உடுப்போடு மேலே வந்தார். ஒரு தட்டு கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, இனிப்புப் போதாது என்றார். இந்த மனுஷியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்.

சரி. இவ்வளவும் எழுதியது எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ மார்ச்சில் அனுப்பிய செய்திக்கு நான் பதில் போடவில்லை. ரத்த அழுத்தம், ஆஸ்பத்திரியில் நான்கு நாள், சிறுநீரகமும் கொஞ்சம் அடிவாங்கியிருக்கிறது என்று இரண்டே வரியில் எழுதிவிட்டு, கீழே ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருந்தாய். அந்தப் பொம்மைக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். மீதியை மூக்கனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அது கேவலம், எனக்கே தெரியும்.

இங்கே ஒவ்வொரு பாட்டில் பின்னாலும் 100 மில்லிக்கு எத்தனை கிராம் உப்பு என்று போட்டே ஆகவேண்டும், சட்டம். மார்ச்சுக்குப் பிறகு நான் கடையில் முதலில் படித்தது அந்த வரியைத்தான், பேரை அப்புறம்தான் பார்ப்பேன். அசின் பதினைந்து கிராம் பக்கம் போகிறது. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே இரண்டு கிராமுக்கு மேல் உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குக் கீழேதான் இருக்கச் சொல்கிறது, உனக்கு டாக்டர் அதையும் குறைத்திருப்பார். நீயோ மீயைத் தின்றுவிட்டுத் தட்டில் மிச்சமிருக்கும் சாற்றைக் கரண்டியால் வழித்துக் குடிக்கிறவன்.

அதனால் நேற்று இன்னொரு தடவை செய்தேன். கிச்சாப் அரைக் கரண்டிதான், நிறத்துக்கு ஸ்ட்ரோப், பூண்டு இரண்டு மடங்கு, கடைசியில் எலுமிச்சை. சுமார்தான், பொய் சொல்லமாட்டேன். மூன்றாவது தடவைக்குத் தேறும். உனக்கு உப்புதானே ஆகாது, சர்க்கரை பற்றி டாக்டர் ஏதாவது சொன்னாரா? கேட்டு எழுது. மூக்கன் மூலம் சொல்லி அனுப்பாதே, நீயே எழுது. மாத்திரை பேரையும் எழுது.

டிசம்பரில் வருகிறேன், டிக்கெட் போட்டாகிவிட்டது. பாட்டிலில் பாதி மிச்சம் வைத்திருக்கிறேன், மலேசியாவில் செய்ததை மறுபடி மலேசியாவுக்கே தூக்கிக்கொண்டு வரும் முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

உன்,
கிள்ளான்காரன்