‘பீ ஹியர் நவ்’ வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் ராக் இசைக்குழுவான ஓயாசிஸின் ‘பீ ஹியர் நவ்’ ஆல்பம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1997 ஆகஸ்டில் அந்த ஆல்பத்துக்காகப் பிரிட்டனின் இசைத்தட்டுக் கடைகளில் வரிசையில் நின்றவர்களை ‘விளம்பரத்தில் மயங்கிய கூட்டம்’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த வரிக்கு மறுப்பாகவே இதை எழுதுகிறேன்.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் நெப்வொர்த்தில் இரண்டே இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் கூடிக் கேட்ட குழு அது. புதிய ஆல்பத்தின் முதல் பாட்டான ‘டியூ நோ வாட் ஐ மீன்’ ஜூலையிலேயே சிங்கிளாக (தனிப் பாட்டாக) வந்து முதலிடம் பிடித்திருந்தது. ஏழரை நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. ஆல்பம் எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட வெளிப்படையான முன்னறிவிப்பு வேண்டுமா? அது பிடித்துத்தான் ஆகஸ்ட் 21 அன்று கடைக்குப் போனார்கள். முதல் நாள் விற்பனை 4,20,000 பிரதிகளைத் தாண்டியது. வெளியானது வியாழக்கிழமை, விற்பனை வாரம் முடிந்தது சனிக்கிழமை என்பதால் முதல் வாரக் கணக்குக்குக் கிடைத்தவை மூன்று நாட்கள் மட்டுமே. அதற்குள் ஏறத்தாழ 7 லட்சம் பிரதிகள் விற்றன. 2015இல் பாடகி அடெலின் ‘25’ ஆல்பம் வரும்வரை பிரிட்டனில் அந்த வேகத்தை எந்த ஆல்பமும் முந்தவில்லை.

மயங்கியவர்கள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் விமர்சகர்களைச் சொல்லுங்கள். 1995இல் இதே குழுவின் இரண்டாவது ஆல்பத்தைச் சுமார் என்று எழுதியவர்கள் பலர். மக்களோ அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம் 1997 விமர்சனங்களில் தெரிகிறது. வெளியீட்டுக்கு முன் ஆல்பத்தைக் கேட்க வந்த பத்திரிகையாளர்களிடம் வாய் திறக்க மாட்டோம் என்று குழுவின் தரப்பினர் கையெழுத்து வாங்கினார்கள். இவ்வளவு கெடுபிடிக்குப் பிறகு அள்ளி வீசப்பட்ட பாராட்டுகள், சில மாதங்களிலேயே பரிகாசமாக மாறின. அதே ஆண்டில் ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ வந்திருந்தது, அடுத்த மாதம் த வெர்வ் குழுவின் ‘அர்பன் ஹிம்ஸ்’ வந்தது. ரசனையின் காற்றும் திசை மாறியது.

ரசிகர்களின் கருத்து அப்படித் தலைகீழாகப் புரளவில்லை என்பதுதான் நான் வலியுறுத்த விரும்புவது. ‘பாட்டுகள் நன்றாக இருக்கின்றன, நீளம் அதிகம், கிதார் ஓசை எல்லாவற்றையும் விழுங்குகிறது’ என்று ஆரம்பத்திலேயே சொன்னவர்கள் இருந்தார்கள், இன்றும் அதையே சொல்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். பன்னிரண்டு தடங்கள், எழுபது நிமிடங்களுக்கு மேல். ‘மை பிக் மவுத்’ பாட்டில் கிதாரின் மேல் கிதாராகப் பதிவு செய்து அடுக்கியதில் பேஸ் கிதாரும் டிரம்ஸும் மூச்சுத் திணறுகின்றன. ‘ஆல் அரவுண்ட் த வேர்ல்ட்’ ஒன்பது நிமிடம் ஓடுகிறது, ஆர்கெஸ்ட்ராவோடு சுருதி மாறி மாறி ஏறுகிறது, முடிந்தது என்று நினைத்தால் ஆல்பத்தின் கடைசியில் மீண்டும் வருகிறது. ஆனால் அந்த மெட்டு! குழு பிரபலமாவதற்கு முன்பே அதன் கிதார் கலைஞரும் பாடலாசிரியருமான நோயல் கேலகர் எழுதி, ஆர்கெஸ்ட்ராவுக்குச் செலவழிக்கும் காலம் வரட்டும் என்று பொத்தி வைத்திருந்த பாட்டு அது. 1998 ஜனவரியில் சிங்கிளாக வந்தபோது அதுவும் முதலிடத்துக்குப் போனது. ஆல்பம் வெளியாகி ஐந்து மாதம் ஆன பிறகும் விளம்பரத்தின் மயக்கம் தெளியவில்லை என்றா கட்டுரையாளர் சொல்கிறார்?

பழைய பொருள் கடைகளில் இந்த ஆல்பம் குவிந்து கிடந்தது என்று கட்டுரை சொல்வது உண்மைதான். அத்தனை லட்சம் பிரதிகள் விற்ற எதுவும் அங்கே குவியத்தான் செய்யும்.

எனக்கு அதிக வருத்தம் தருவது நோயலின் தீர்ப்பு. கொக்கைன் போதையில் யாரும் எதையும் கட்டுப்படுத்தாமல் செய்த வேலை என்று அவரே பலமுறை சொல்லிவிட்டார். 2006இல் வந்த ‘ஸ்டாப் த கிளாக்ஸ்’ தொகுப்பில் இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூடச் சேர்க்கவில்லை. பாடிய தம்பி லியமோ ஆல்பத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. இயற்றியவர் வெறுக்கிறார் என்பதற்காகக் கேட்பவரும் வெறுக்க வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் நான் தம்பியின் பக்கம்.

இதற்குச் சான்று 2016இல் வந்த விரிவுபடுத்திய பதிப்பிலேயே இருக்கிறது. கரீபியக் கடலில் உள்ள மஸ்டீக் தீவில், தயாரிப்பாளர் ஓவன் மோரிஸுடன் நோயல் செய்த முன்வரைவுப் பதிவுகள் அதில் முழுமையாக இடம்பெற்றன. டிரம் இயந்திரம், கொஞ்சம் கிதார், நோயலின் குரல், அவ்வளவுதான். அடுக்கடுக்கான ஓசை எதுவும் இல்லாமல் மெட்டுகள் தாமாகவே நிற்கின்றன. முதல் நாள் வாங்கியவர்கள் அத்தனை இரைச்சலுக்கு அடியிலும் கேட்டுப் பிடித்தது இந்த மெட்டுகளைத்தான். கட்டுரையாளர் இவற்றை ஒருமுறை கேட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2025 ஜூலையில் கார்டிஃப் நகரில் தொடங்கிய சகோதரர்களின் மறுபிரவேச இசைப் பயணத்தில் இந்த ஆல்பத்தின் ‘டியூ நோ வாட் ஐ மீன்’, ‘ஸ்டாண்ட் பை மீ’ இரண்டும் இடம்பெற்றன. ‘டோன்ட் கோ அவே’ பாட்டையும் சேர்த்திருக்க வேண்டும். லியமின் குரல் அந்த ஆல்பத்தில் மிக இளகி ஒலிப்பது அந்தப் பாட்டில்தான்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி