செயலாளர் ஆண்டறிக்கை: சனிக்கிழமை வகுப்பும் எங்கட பிள்ளையளும்

தலைவர் ஐயா, அங்கத்தவர்கள், வெள்ளவத்தை வகுப்புக்கு வாற பிள்ளையளிட அம்மா அப்பாமார், சிறுவர் இல்லத்துப் பொறுப்பாளர் எல்லாருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் ஒழுங்கா நடந்தது, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் கதைக்க வந்தது வேற. இந்த வருசம் இல்லத்துப் பிள்ளையளையும் வீட்டில இருந்து வாற பிள்ளையளையும் ஒரே வகுப்பில இருத்தினனாங்கள், எல்லாம் 14, 15 வயசு.

ஒருத்தர் தன்னை எவ்வளவு மதிக்கிறார் எண்டு பாக்க ரோசன்பர்க் எண்ட அமெரிக்க சமூகவியலாளர் 1965ல போட்ட சுயமதிப்பு அளவுகோல் ஒண்டு இருக்கு, 10 வசனம், அதில 5 தன்னைக் குறைச்சுச் சொல்ற மாதிரித் தலைகீழாக் கேக்கிறது. மார்க்ஸ் போட இல்ல, பிள்ளையளைக் கதைக்க வைக்கத்தான் அதைக் குடுத்தது. பெருமைப்பட என்னட்டப் பெரிசா ஒண்டும் இல்ல எண்ட வசனம் வர இல்லத்துப் பிள்ளை ஒண்டு பேனையை வச்சிட்டு "அக்கா, இதை ஆரிட்டக் கேட்டு எழுதுறது?" எண்டுது. எனக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. ஆனா பக்கத்து மேசையில தாய் தகப்பன் ரெண்டு பேரும் இருக்கிற பொடியன், ஓ.எல் சோதினையில 9 ஏ எடுத்த மச்சாளோட தன்னை நாள் முழுக்க ஒப்பிட்டுப் பாக்கினம் எண்டு சொல்லி, நான் ஒண்டுக்கும் உதவமாட்டன் எண்டு எழுதி வச்சிருந்தான். இல்லத்தில இருக்கிற கனக்கப் பிள்ளையளுக்கும் அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்கினம், அதால இவை அநாதை அவை இல்ல எண்டு கோடு கீறிப் பாக்கிறதை நாங்கள் முதல்ல விடவேணும்.

ஹவாயில கவாய் தீவில 1955ல பிறந்த 698 பிள்ளையளைப் பல வருசமாப் பின்தொடர்ந்து பாத்தவ எம்மி வெர்னர் எண்ட உளவியலாளர். கனக்கக் கஷ்டத்துக்குள்ள வளந்த பிள்ளையளில மூண்டில ஒரு பங்கு நல்லா நிமிந்து வந்திச்சினம், அவையில கனபேருக்குப் பெத்தவை இல்லாட்டியும் அம்மம்மாவோ டீச்சரோ விட்டிட்டுப் போகாத ஒரு பெரியாள் இருந்திருக்கு.

எங்கட பிழை அங்கதான். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா வகுப்பு எடுக்க வாற ஆக்களை மாத்தினனாங்கள், பிள்ளையள் பேரைப் பழகேக்குள்ள அவை போயிடுவினம், பிறகு புது ஆளிட்ட முதல் கேள்வியே "அடுத்த கிழமையும் வருவீங்களா?" எண்டுதான்.

இனி வாறவை ஆகக்குறைஞ்சது ஒரு வருசம் வரவேணும் எண்டு கமிட்டி முடிவெடுத்திருக்கு. பிறந்தநாளுக்கு இல்லத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் குடுக்கிறவை குடுங்கோ, சந்தோசம், ஆனா பிள்ளையளை வரிசையில நிப்பாட்டிப் போட்டோ எடுக்க வேண்டாம், பார்சலோட இருந்து அவையோட சேந்து சாப்பிடுங்கோ.

இப்ப 4 பேர் பேர் தந்திருக்கினம், இன்னும் 6 பேர் வேணும். கூட்டம் முடிஞ்சு போக முதல் என்னட்டச் சொல்லுங்கோ.

நன்றி.
செயலாளர்