மரம் விழும் முன் சட்டம் வரட்டும்: சுற்றுச்சூழல் சட்டங்களை நடைமுறைப்படுத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

நெடுஞ்சாலைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் குழுக்களிலும், அனுமதியின் நிபந்தனைகள் களத்தில் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் அலுவலகங்களிலும் பொறுப்பு வகிக்கும் தங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். இயற்கைக் காடுகளைக் காக்கப் புதிய சட்டம் இயற்றுமாறு கேட்பது என் நோக்கம் அன்று. 1970-இல் அமெரிக்காவில் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், பெரிய திட்டங்களின் பாதிப்பை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலான நாடுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன. சட்டம் இருக்கிறது. அது மரம் வெட்டப்படுவதற்கு முன்னால் செயல்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

காலத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. விதியை மீறி எழுப்பிய கட்டடத்தை இடிக்க ஆணையிடலாம். அனுமதியின்றி இயங்கும் ஆலையை மூடலாம். பல நூறு ஆண்டுகளாகத் தானே விதைத்துத் தானே வளர்ந்த ஒரு காட்டை வெட்டிய பிறகு, எந்தத் தீர்ப்பும் அதைத் திருப்பித் தராது. ஈடாக வேறோரிடத்தில் நடப்படும் ஒரே வயதுடைய மரக்கன்றுகள் கணக்கேட்டில் ஹெக்டேருக்கு ஹெக்டேர் பொருந்தலாம். அந்த மண்ணின் பூஞ்சைகளும், பழமரங்களை நம்பிய பறவைகளும், நிழலில் மட்டுமே முளைக்கும் செடிகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே காட்டைப் பொறுத்தவரை, தாமதமாக வரும் நடவடிக்கை மீறலைத் தண்டிக்கலாமே தவிர, சட்டம் காக்க நினைத்த பொருளைக் காக்காது.

இழப்பின் அளவும் கோப்பில் காட்டப்படுவதை விடப் பெரியது. விண்ணப்பங்கள் பெரும்பாலும் சாலையின் அகலத்துக்குள் வரும் நிலத்தை மட்டுமே கணக்கிடுகின்றன. பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு அருகே 1979 முதல் நடந்துவரும் நீண்டகால ஆய்வு, துண்டாக்கப்பட்ட காட்டின் விளிம்பில் வெயிலும் காற்றும் புகுந்து மண்ணை உலர்த்துவதையும், பெருமரங்கள் வழக்கத்தை விட வேகமாக மடிவதையும் காட்டியிருக்கிறது. காற்றினால் ஏற்படும் மரச்சேதம் விளிம்பிலிருந்து 300 மீட்டர் உள்ளே வரை எட்டுகிறது. அமேசான் காடழிப்பை ஆராய்ந்து 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, அழிவில் ஏறத்தாழ 95 விழுக்காடு, சாலையிலிருந்து 5.5 கிலோமீட்டருக்குள்ளோ, படகு செல்லும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோதான் நிகழ்ந்திருக்கிறது. முதலில் சாலை வருகிறது. அதைத் தொடர்ந்து கிளைச்சாலைகள், மரக்கடத்தல், ஆக்கிரமிப்பு, தீ என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சாலையின் அகலத்தை மட்டும் அளந்து பாதிப்பு சிறிது என்று எழுதும் மதிப்பீட்டறிக்கை, தன் வேலையைத் தொடங்கவே இல்லை என்பது என் கருத்து.

தங்கள் கவனத்தை நான் மிகுதியாக வேண்டுவது, திட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வழக்கத்தின் மீதுதான். ஒரே நெடுஞ்சாலை பல கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. காட்டுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள கட்டங்கள், சிக்கலற்றவை என்று சொல்லி முதலில் தொடங்கப்படுகின்றன. தார் காட்டின் எல்லையைத் தொட்ட பிறகு, நடுவில் மிஞ்சிய பகுதிக்கான விண்ணப்பம் தங்கள் மேசைக்கு வருகிறது. அப்போது, இவ்வளவு பணம் செலவாகிவிட்டது, இனி வேறு வழியில்லை என்ற வாதமே முதல் பக்கத்தில் நிற்கிறது. வேறு வழி இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டிய நாள் அதற்குள் கடந்துவிட்டிருக்கும்.

பொலிவியாவில் இதுதான் நடந்தது. டிப்னிஸ் எனப்படும் தேசியப் பூங்காவும் பழங்குடி மக்களின் நிலமுமான பகுதியின் ஊடே செல்லவிருந்த நெடுஞ்சாலை மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, பூங்காவுக்கு வெளியே இருந்த இரண்டு கட்டங்களில் 2011-இல் வேலை தொடங்கியது. உள்ளே வாழும் மக்களிடம் அதற்கு முன் முறையான கலந்தாய்வு நடத்தப்படவில்லை. அந்த மக்கள் அரசு இயங்கும் லா பாஸ் நகர் வரை நடந்தே சென்று போராடிய பிறகு, பூங்காவின் ஊடே நெடுஞ்சாலை செல்லக் கூடாது என்று அதே ஆண்டு சட்டம் வந்தது. 2017-இல் இன்னொரு சட்டம் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிட்டது. இருபுறமும் காத்திருக்கும் பாதித் திட்டம், காட்டின் மீது வைத்த அழுத்தத்தை ஒருபோதும் தளர்த்துவதில்லை.

அந்த அழுத்தத்துக்குச் சட்டம் பணியாத இடங்களும் உண்டு. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், பழமையான காட்டைத் தன்னுள் கொண்ட ஓவர்டன் பூங்காவின் ஊடே நெடுஞ்சாலை அமைக்க ஒப்புதல் தரப்பட்டிருந்தது. ஏற்கத்தக்க மாற்றுவழி இருக்கும்போது பொதுப்பூங்கா நிலத்தைச் சாலைக்கு எடுக்கக் கூடாது என்ற விதியைச் சுட்டிக்காட்டிக் குடிமக்கள் வழக்குத் தொடுத்தனர். 1971-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், செலவும் வசதியும் மட்டுமே காரணமாகப் பூங்காக்களைப் பலியிட முடியாது என்றும், முடிவெடுத்தபோது அலுவலர் முன் இருந்த ஆவணங்கள் முழுமையாக ஆராயப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அந்தச் சாலை பூங்காவுக்குள் கட்டப்படவே இல்லை.

போலந்தின் ரோஸ்புடா பள்ளத்தாக்கு வழக்கு எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது, ஏனெனில் அங்கே சாலைக்கான தேவை உண்மையானது. அவுகுஸ்தோவ் நகரத்தின் நடுவே கனரக லாரிகள் ஓயாமல் சென்றன. அங்குள்ள மக்கள் புறவழிச்சாலை கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட தடம், ஐரோப்பியச் சட்டம் காக்கும் சதுப்புநிலத்தையும் காட்டையும் வெட்டிச் சென்றது. ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுத்து, 2007 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றத்திடமிருந்து இடைக்காலத் தடை பெற்றது. 2009-இல் போலந்து அரசே வேறு தடத்துக்கு மாறியது. 2014-இல் அந்தப் புறவழிச்சாலை திறக்கப்பட்டது. நகரத்துக்குச் சாலையும் கிடைத்தது, பள்ளத்தாக்கும் தப்பியது. தடை உத்தரவு இறுதித் தீர்ப்புக்காகக் காத்திருந்தால் இரண்டாவது நடந்திருக்காது.

ஆகவே என் வேண்டுகோள்கள் இவை. ஒரு நெடுஞ்சாலையை அதன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே திட்டமாக மதிப்பிடுங்கள். காட்டுப் பகுதிக்கான இறுதி அனுமதி கிடைக்கும்வரை, காட்டை நோக்கிச் செல்லும் எந்தக் கட்டத்திலும் வேலை தொடங்க விடாதீர்கள். இருக்கும் சாலையைச் செம்மைப்படுத்துவது, காட்டைச் சுற்றிச் செல்வது ஆகிய மாற்றுகளை விண்ணப்பதாரரின் ஒரு பத்தி மறுப்போடு முடித்துவிடாமல், தனி நிபுணர்களைக் கொண்டு ஆராயச் செய்யுங்கள். மதிப்பீட்டறிக்கை எழுதுபவருக்குத் திட்டத்தால் பயனடைபவரே ஊதியம் தரும் முறை தொடரும்வரை, அந்த அறிக்கையை ஒருதரப்பு வாதமாக மட்டுமே படிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

மீறலைக் கண்டறிவது இன்று கடினமும் அன்று. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்துடன், சில நாட்களுக்கு ஒருமுறை, கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அனுமதி ஆணையின் தேதியையும், காட்டில் முதல் வெட்டு தெரியும் படத்தின் தேதியையும் அருகருகே வைத்தால் உண்மை விளங்கிவிடும். அப்படி மீறல் தெரியும் நாளிலேயே பணிநிறுத்த ஆணை வர வேண்டும். விளக்கம் கேட்கும் கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தால், அதற்குள் இயந்திரங்கள் வேலையை முடித்துவிடும். திட்டச் செலவில் சிறு துளியாக நிற்கும் அபராதம் ஒப்பந்ததாரருக்கு இன்னொரு செலவுத் தலைப்பு மட்டுமே. மீறல் நடந்த பின் வழங்கும் ஒப்புதலோ மீறியவருக்குத் தரும் பரிசு. இவ்விரண்டையும் தாங்கள் கைவிட வேண்டும்.

விலங்குகள் கடக்கும் பாலங்களையும் சுரங்கவழிகளையும் பற்றி ஒரு சொல். கனடாவின் பான்ஃப் பூங்காவில் வேலிகளோடு சேர்ந்து அவை பெருவிலங்குகள் வாகனங்களில் மோதுவதை 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைத்தன. இந்தியாவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நெடுஞ்சாலையின் கீழ்வழிகளைப் புலி உட்பட 18 வகை விலங்குகள் பயன்படுத்தியது கேமராக்களில் பதிவானது. ஏற்கெனவே காட்டுக்குள் இருக்கும் சாலைகளுக்கு இவை கட்டாயம் வேண்டும். புதிய சாலைக்கு இவற்றை நுழைவுச்சீட்டாக ஏற்கக் கூடாது, ஏனெனில் விளிம்பு உலர்வதையும் ஆக்கிரமிப்பையும் எந்தப் பாலமும் தடுப்பதில்லை.

தங்களில் பலர் மேலிடத்து அவசரத்துக்கும் காலக்கெடுவுக்கும் இடையே பணிபுரிகிறீர்கள் என்பதை அறிவேன். அந்த நெருக்கடியில் தங்களுக்குத் துணை நிற்கக்கூடியவர்கள் பொதுமக்களே; அதற்கு அவர்களிடம் தகவல் இருக்க வேண்டும். தற்போது தங்கள் பரிசீலனையில் உள்ள, இயற்கைக் காட்டைத் தொடும் ஒவ்வொரு நெடுஞ்சாலை விண்ணப்பத்தின் முழுத் தட வரைபடத்தையும், ஆராயப்பட்ட மாற்றுத் தடங்களையும், ஒவ்வொரு கட்டத்தின் பணி தொடங்கும் தேதியையும், முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன்பே, மக்கள் படித்துக் கருத்துச் சொல்லப் போதிய அவகாசத்துடன், அந்தப் பகுதி மக்களின் மொழியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும் குடிமக்களில் ஒருவர்