தமிழ் டீச்சராக ஆசைப்படுற பிள்ளைங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நம்ம சிங்கப்பூர்ப் பிள்ளைங்க சிலர் டிகிரி முடிச்சதும் தமிழ் டீச்சர் வேலைக்குக் கல்வி அமைச்சுக்கு அப்ளை பண்ணிட்டு பதிலுக்காக சும்மா காத்திருக்காங்க, அந்த நேரத்துல ரிலீஃப் டீச்சிங், அதாவது லீவுல இருக்கிற டீச்சருக்குப் பதிலா தற்காலிகமா பாடம் நடத்த, போகலாமே! டீச்சருங்க பிரசவ லீவு, மெடிக்கல் லீவுல போறப்ப ஸ்கூலுக்கு ஆள் தேவைப்படும். வீட்டுல இங்கிலீஷ் மட்டுமே பேசுற பிள்ளைய தமிழ்ல வாய்திறக்க வைக்கிறது எப்படின்னு வகுப்புல நின்னாத்தான் புரியும், இன்டர்வியூல அதைத்தான் நம்பிச் சொல்ல முடியும், இந்த வேலை நமக்கு ஒத்துவருமான்னு ஆசிரியர் பயிற்சிக்குத் தேசியக் கல்விக் கழகத்துக்குப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். ஸ்கூல் பிள்ளைங்க ஆன்லைன்ல படிக்கிற எஸ்எல்எஸ் தளத்துல பாடம் தயாரிக்கவும் பழகிக்கணும். பாலர் பள்ளி வேலைய நம்மாளுங்க குறைவா நினைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தம், அங்கதானே தமிழ் முதல்ல காதுல விழுது. அனுபவமுள்ள ஆசிரியர்களோட பேட்டிய உங்க பத்திரிகையில போடுங்க ப்ளீஸ்.

ஒரு வாசகி, யீஷூன்