ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் கூத்துப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இன்று ஐம்பதும் அறுபதும் கடந்து நிற்பவர்களில் பலர், சின்ன வயதில் பாயும் போர்வையும் கொண்டுபோய் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள். தென்னம் மட்டையில் வாள் செய்து, சாக்கை இடுப்பில் கட்டி, முற்றத்தில் அருச்சுனனாகவும் கர்ணனாகவும் ஆடியவர்கள். கூத்து ஆடும் களமான களரியில் ஏறும் வயது வந்தபோது படிப்பு, உழைப்பு, இடப்பெயர்வு, வெளிநாடு என்று காலம் இழுத்துப் போய்விட்டது. பென்சன் எடுத்து, பிள்ளைகளும் கரைசேர்ந்த பிறகு அந்த ஆசை மறுபடி எழும்புகிறது. போய்க் கேட்டால், "இனிக் கால் வராது, பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடுங்க" என்று பல இடங்களில் அனுப்பிவிடுகிறார்கள். முறையாகப் பழக்கினால் கால் வரும். அந்த முறை என்ன, எங்கே பிழைக்கிறது என்பதைக் கூத்துப் பழக்குபவர்கள் என்ற வகையில் எழுதுகிறோம்.

முதலில் மோடி, அதாவது வடமோடி, தென்மோடி என்ற கூத்துப் பாணி. வடமோடியில் வேகமும் பாய்ச்சலும் அதிகம். வளையங்கள் வைத்த கரப்புடுப்பும் தலையில் வைக்கும் முடியும் (கிரீடமும்) பாரம். தென்மோடியில் உடுப்புப் பாரம் குறைவு. அதனால் வயது போனவர்களைத் தென்மோடிக்கு விடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் தென்மோடியின் தாளமும் அடவும் நுணுக்கமானவை. புதிதாகக் காதில் ஏற்றுவது அறுபதில் கஷ்டம். சின்ன வயதில் எந்த மோடியைப் பார்த்து வளர்ந்தாரோ அதன் தாளக்கட்டு (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) ஏற்கெனவே அவருக்குள் கிடக்கிறது. அதிலேயே தொடங்குவதுதான் புத்தி.

அடுத்தது பாத்திரம். வீட்டுமர் (பீஷ்மர்), துரோணர், தருமர், திருதராட்டிரன், மந்திரி, முனிவர் ஆகியோருக்குப் பாட்டு அதிகம், பாய்ச்சல் குறைவு. ஆனால் ஒருவர் நாற்பது வருடமாக அருச்சுனனைத்தான் மனதில் வைத்திருந்தால் அவருக்குத் தருமரைக் கொடுப்பது நியாயமில்லை. வரவையும் (களரிக்கு முதலில் வரும்போது ஆடும் ஆட்டத்தையும்) தர்க்கப் பாடல்களையும் அவர் ஆடட்டும். போர்க்கட்டத்தை இளையவர் ஒருவர் அதே உடுப்பில் வந்து ஆடட்டும். சபையோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

பழக்கும் வரிசையில்தான் பெரும்பாலும் பிழைக்கிறது. வருகிறவர் முதல் நாளே சின்ன வயதில் கண்ட வேகத்தில் ஆடப் பார்ப்பார். கண்ணுக்குள் இருக்கும் ஆட்டத்துக்கும் கெண்டைக்காலுக்கும் இடையில் நாற்பது வருடம் கிடக்கிறது. அடுத்த நாள் கெண்டை பிடித்துக்கொள்ளும், முழங்கால் சில்லுக்குக் கீழே நோகும், மூன்றாம் கிழமை ஆளைக் காணக் கிடைக்காது. முதல் நான்கு கிழமையும் கால் எழும்பவே கூடாது. பாயில் உட்கார்ந்து தாளக்கட்டை வாயால் சொல்லிக் கையால் தட்ட வேண்டும்; "தெய்" விழும் இடம் பிசகாமல் வரும்வரை அதுவே பாடம். பிறகு நான்கு கிழமை களரியைச் சுற்றி அந்தத் தாளத்துக்கு நடை மட்டும். அதற்குப் பிறகுதான் பொடியடி, வீசாணம், எட்டு என்ற ஆட்ட வகைகள். எட்டுப் போடும்போது பாதத்தை மண்ணில் ஊன்றி வைத்துக்கொண்டு உடம்பைத் திருப்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலில் விழும். குதிக்காலை எடுத்து, பாதமும் இடுப்பும் சேர்ந்து திரும்ப வேண்டும். இளைஞருக்கு இதைச் சொல்லாமலே பழக்கிவிடலாம். வயது போனவருக்கு ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டும். கிழமைக்கு இரண்டு இரவு, ஒவ்வொன்றிலும் ஆட்டம் 45 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். தொடங்க முன் பத்து நிமிடம் நடந்து, கணுக்காலையும் இடுப்பையும் சுழற்றிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

சீமெந்துத் தரையில் பழக்குவதை அடியோடு நிறுத்த வேண்டும். பல்தேவைக் கட்டிடம் வசதிதான், ஆனால் ஒவ்வொரு மிதியும் முதுகெலும்புவரை போகும். கூத்து மண்ணில் ஆடப் பிறந்தது. பழகுவதற்கு 20 அடி விட்டத்தில் ஒரு வட்டக்களரி போதும். கல், சிப்பி, நெருஞ்சி முள் எல்லாம் பொறுக்கி எடுத்து, நான்கு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, பின்னேரம் தண்ணீர் தெளித்து, கால் புதையாதபடி அமர்த்த வேண்டும். காய்ந்த மணல் வழுக்கும். தண்ணீர் கூடினால் பாதம் ஒட்டிக்கொள்ளும். கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நின்று, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். அதுதான் பதம்.

மூச்சைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக் கூத்தில் ஆடுபவரே பாடவும் வேண்டும். வரவு ஆடி முடித்து இரைக்க இரைக்கப் பாட்டெடுத்தால் சுருதி தப்பும், தொண்டையும் கட்டும். ஒவ்வொரு தருவையும் (கூத்துப் பாட்டையும்) முதலில் உட்கார்ந்து பாடி, பிறகு நடந்து பாடி, கடைசியில் ஆடிப் பாட வேண்டும். ஆடி முடித்த உடனே பாட வேண்டிய இடங்களில் முதலடியைப் பிற்பாட்டுக்காரரிடம் விட்டுவிடலாம். அந்த ஓரடி நேரம் ஆட்டக்காரருக்கு மூச்செடுக்கப் போதும். ஒலிவாங்கி வைப்பதானால் மத்தளத்திலிருந்து தள்ளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு அமுங்கிப்போக ஆட்டக்காரர் கத்தத் தொடங்குவார்.

கரப்புடுப்பின் வளையங்களைக் குறைத்து, முழுப் பாரமும் கயிற்றில் தொங்காமல் நான்கு விரல் அகலத் துணிப்பட்டியில் இடுப்பெலும்பில் இருக்கும்படி கட்டினால் முதுகு தப்பும். முடியை ரெஜிபோமில் (பாரமில்லாத நுரைப்பலகையில்) செய்தால் கழுத்து நோகாது. வியர்வை கண்ணில் வழியாமல் இருக்க உள்ளே பருத்தித் துணி சுற்றிக்கொள்ளலாம். சதங்கை இறுக்கிக் கட்டினால் கால் விறைக்கும், தளர்ந்தால் தோலை உரசிப் புண்ணாக்கும். அடியில் பஞ்சு வைத்துத் தைத்த பட்டி இரண்டுக்கும் பரிகாரம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இதில் மிகவும் கவனம். வெறுங்காலில் ஆடும்போது முள் குத்தினாலும் சிலருக்குத் தெரியாது. பழக்கம் முடிந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குவரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாத்திரை போட்டு, இரவுச் சாப்பாட்டைப் பிந்தவிட்டு ஆடினால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மாதக் கிளினிக்குக்குப் போகும்போது, "இரவில் ஆடப் போகிறேன்" என்று டொக்டரிடம் சொல்லி நேரத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினாலோ கண் இருண்டாலோ அந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். வெட்கத்துக்கு ஆடி முடிக்கக் கூடாது.

விடிய விடிய ஆட வேண்டும் என்ற பயமும் தேவையில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று கூத்தைச் சுருக்கமான வடிவில் மேடையேற்றினார். கதைக்கட்டும் ஆட்டமும் கெடாமல் சுருக்க முடியும் என்பதை அந்த முயற்சிகள் காட்டின. ஆனால் அவை முன்பக்கம் மட்டும் சனம் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடைக்கு வந்தவை. ஊரில் சுருக்கும்போது வட்டக்களரியை விடாதீர்கள். நாலு பக்கமும் சனம் இருந்து பார்ப்பதால் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்டம் ஆட்டமாகவே இருக்கும். அடவு பிசகினாலும் மறுபக்கம் திரும்பிச் சமாளிக்க இடம் இருக்கும்; புதியவருக்கு அது பெரிய துணை.

இவர்களைச் சேர்த்துக்கொள்வதில் ஊருக்கும் பெரிய நன்மை உண்டு. கூத்துக் கொப்பியில் தரு, விருத்தம், கொச்சகம் என்று எழுதியிருக்கும், மெட்டு இருக்காது. மெட்டு, கேட்டு வளர்ந்தவர்களின் காதில்தான் இருக்கிறது. சிறுமியாக இருந்து பார்த்தே பாட்டையெல்லாம் பாடமாக்கிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களையும் களரிக்குக் கூப்பிட வேண்டும். ஆட விருப்பமில்லாவிட்டாலும் பாடட்டும். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை பதிய வேண்டும்: முதலில் மத்தளம் இல்லாமல் மெதுவாக, பிறகு மத்தளத்தோடு. ஒரே பாட்டை இரண்டு ஊரார் இரண்டு விதமாகப் பாடினால் சண்டை வேண்டாம், இரண்டையும் ஊர்ப் பெயரோடு பதியுங்கள். களரியில் எது பாடுவது என்பதைக் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தீர்மானிப்பார்.

பழைய கொப்பிகள் பொடிந்துகொண்டு போகின்றன. ஈரக்கையால் தொடாமல், நிழல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக, நேர் மேலிருந்து படமெடுக்க வேண்டும். பிளாஷ் போட்டால் மங்கிய மை படத்தில் தெரியாமல் போகும். ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். படங்களின் பிரதிகளை மூன்று இடத்தில் வையுங்கள். 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.

பெரும்போக வெள்ளாண்மை வெட்டி முடிந்து மழையும் விட்ட மாசி, பங்குனியில் தொடங்குவது நல்லது. மாரியில் மத்தளத் தோல் தளர்ந்து ஒலி அமுங்கும். கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து இறுகும். பங்குனியில் சட்டம் கொடுத்தால் (ஆட்டக்காரருக்கு அவரவர் பாத்திரத்தைப் பிரித்துக் கொடுத்தால்) மூன்று, நான்கு மாதத்தில், சதங்கை கட்டி முதன்முதலாக ஆடும் சதங்கை அணி வைக்கலாம். அரங்கேற்றத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளினாலும் பரவாயில்லை; சதங்கை கட்டிச் சபை முன் ஒரு வரவு ஆடினாலே பலருக்கு மனம் நிறைந்துவிடும்.

கூத்துச் சபைகளிடமும் பிரதேச கலாசாரப் பொறுப்பாளர்களிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். போட்டிக்காக இளைஞரைப் பழக்கும் நாட்களைத் தவிர, கிழமையில் இரண்டு இரவை இவர்களுக்கு ஒதுக்குங்கள். ஆசை உள்ளவர்கள் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையோ மேற்கே படுவான்கரையோ, உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் வெற்றிலை பாக்கோடு போய், எந்தக் கூத்து, எந்தப் பாத்திரம் என்று நேரே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டு போனால், எவ்வளவு ஆட்டம் கொடுக்கலாம் என்று அவரும் பார்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
கூத்துப் பழக்குவோர் சிலர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.